முடங்கிய கைக்குச் சிகிச்சை உண்டு, முத்திரைதான் இல்லை!



தறியில் நின்ற ஒரு தொழிலாளிக்குத் திடீரென்று பாரிசவாயு வந்துவிடுகிறது. வலது கை தொங்கிவிட்டது. வலது கால் இழுத்துக்கொண்டது. எப்படியோ உயிர் பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். இனி அவன் எழுந்து நடப்பானா, கட்டிலோடு கிடப்பானா? அதைத் தீர்மானிப்பது மாத்திரை மட்டுமல்ல. கையையும் காலையும் பிடித்து, மடக்கி, நீட்டி, நாள் தவறாமல் பயிற்சி கொடுக்கும் ஒரு மனிதனின் உழைப்பு. அதுவும் காலத்தில் கிடைக்க வேண்டும். நாள் தள்ளினால் மூட்டு இறுகும், தசை வற்றும். இந்த உழைப்பைத்தான் பிசியோதெரபி என்கிறார்கள்.

உலகத்தின் பெரிய பணக்கார நாடு அமெரிக்கா. அங்கே இப்படி விழுந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டுக் கதவை அந்த வைத்தியர் வந்து தட்டுவாரா? சட்டப் புத்தகத்தைக் கேட்டால், "தட்டலாம்" என்கிறது. நடைமுறையைக் கேட்டால்? அந்த ஒரு கதவுக்கு வந்து சேருமுன் வைத்தியர் பத்துக் கதவுகளைத் தட்டியாக வேண்டும்!

சட்டத்திலேயே கோணல்

1965 ஜூலை 30ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது மெடிகெய்டு என்னும் மருத்துவத் திட்டம். மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் சேர்ந்து பணம் போடுகின்றன. ஏழைகள், குழந்தைகள், ஊனமுற்றோர், முதியோர் என்று சுமார் 7 கோடிப் பேர் இன்று இதை நம்பி வாழ்கிறார்கள். இது நல்ல திட்டம்தான். மறுக்கவில்லை.

ஆனால் பிறந்தபோதே அதில் ஒரு கோணல் இருந்தது. முடங்கியவனைப் பராமரிப்பு விடுதியில் கொண்டுபோய்ப் போட்டால் மாநில சர்க்கார் கட்டாயம் பணம் கொடுத்தாக வேண்டும். அவனை அவன் வீட்டிலேயே வைத்துப் பேணுவதற்கான உதவிகளில் பெரும் பகுதி, மாநிலம் விரும்பினால் மட்டுமே! வயது வந்தவர்களுக்கான பிசியோதெரபியும் அப்படித்தான். 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது உரிமை. அப்பனுக்கும் அம்மாவுக்கும் அது சலுகை.

அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்ற குழந்தை மூளைக் காய்ச்சலால் முடங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவு குறைவு. ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரைதான் பணம், வீட்டுக்குப் போனால் கிடையாது என்றது விதி. 1981ல் இந்தச் சங்கதி நாடெங்கும் நாறியது. ரீகனே இதைப் பேச வேண்டி வந்தது. அவ்வாண்டே சட்டத்தில் 1915(சி) என்ற பிரிவு நுழைந்தது. விடுதிக்குப் போக வேண்டியவர்களை வீட்டிலேயே பேண மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. அதிலும் ஒரு கொக்கி! "இத்தனை பேருக்குத்தான்" என்று மாநிலம் எண்ணிக்கை வைக்கலாம். விளைவு? 2024ல் வரிசையில் காத்துக் கிடந்தோர் சுமார் 7 லட்சம் பேர்!

பத்துக் கதவுகள்

சரி, சிகிச்சை தர முன்வரும் வைத்தியரின் கதி என்ன? அவர் பட்டம் பெற்றிருக்கிறார். மாநிலப் பரீட்சையில் தேறி லைசென்சும் வாங்கியிருக்கிறார். போதுமா? போதாது. மத்திய சர்க்காரிடம் 10 இலக்க எண் ஒன்று வாங்க வேண்டும். மாநில மெடிகெய்டு இலாகாவுக்கு மனுப்போட வேண்டும். தொழிலின் சொந்தக்காரர் யார், பழைய குற்றம் உண்டா என்றெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிசியோதெரபி வைத்தியர்கள் "நடுத்தர அபாயம்" என்ற பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே இடத்தை நேரில் வந்து பார்வையிடுவார்கள். புதிதாக வீட்டு மருத்துவ நிலையம் ஆரம்பித்தால் அது "பெரிய அபாயம்". சொந்தக்காரர் கைரேகை பதிக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி ஊர்ஜிதம் செய்ய வேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகாவது நோயாளியிடம் போகலாமா? அங்கேதான் கம்பெனிகள் குறுக்கே நிற்கின்றன!

மெடிகெய்டில் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினரைப் பெரும்பாலான மாநிலங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிட்டன. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் சர்க்கார் பணம் கட்டுகிறது. கம்பெனி அதிலிருந்து வைத்தியச் செலவு செய்கிறது. மிச்சம் கம்பெனிக்கு! இந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் ஐந்தே ஐந்து ஏகபோகக் கம்பெனிகளின் பிடியில் இருக்கிறார்கள். சர்க்கார் அங்கீகரித்த வைத்தியரை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக மறுபடி சோதிக்கும். "எங்களுக்கு இருக்கிற ஆட்கள் போதும்" என்று கதவை மூடவும் கம்பெனிக்கு இடமுண்டு. சேர்த்துக்கொண்டாலும் சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்க வேண்டும். 2019ல் இந்தக் கம்பெனிகளிடம் போன அனுமதி மனுக்களில் எட்டில் ஒன்று தள்ளுபடி ஆனது என்று அந்நாட்டுச் சுகாதார இலாகாவின் தணிக்கை அலுவலகமே 2023ல் அறிக்கை கொடுத்தது.

பண்ணையாரிடம் களத்துமேட்டு நெல்லை ஒப்படைத்துவிட்டு, "கூலிக்காரனுக்கு அளந்து போடு, மிஞ்சியது உனக்கு" என்றால் அவன் எப்படி அளப்பான்? மரக்கால் சுருங்காதா?

திருட்டைத் தடுக்கத்தானாம்!

"பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, சோதனை வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டும்! ஏழையின் பெயரில் பொய்ப் பில் போடுகிறவன் ஏழையின் வயிற்றில்தான் அடிக்கிறான். அவனைப் பிடியுங்கள், உள்ளே தள்ளுங்கள். ஆனால் ஒரே காகிதத்தை ஆறு இடத்தில் ஆறு முறை பார்த்தால் திருடன் பிடிபடுவானா? எழுத்தர்களை வைத்துக் காகிதம் தள்ளப் பெரிய கம்பெனிக்கு வசதி இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே தனியாக மனுப்போடும் வைத்தியர்தான் சலித்துப்போய் ஒதுங்குகிறார்.

பெரிய திருட்டு எங்கே நடந்தது? எச்.சி.ஏ. என்ற மாபெரும் ஆஸ்பத்திரிக் கம்பெனி, சர்க்கார் மருத்துவத் திட்டங்களை ஏமாற்றிய வழக்குகளில் 2000த்திலும் 2003லுமாக 170 கோடி டாலர் கட்டியது. அந்தக் கம்பெனி அடைபட்டதா? இல்லை. இன்றும் ஜாம் ஜாமென்று ஆஸ்பத்திரி நடத்துகிறது. சின்ன வைத்தியருக்குக் கைரேகை. பெரிய கம்பெனிக்குக் கைகுலுக்கல்!

உழைப்பவன் மேலும் சந்தேகம்

சிகிச்சை 15 நிமிடக் கணக்கில் அளக்கப்படுகிறது. வீட்டுக்கு வீடு போகும் வழி நேரத்துக்குப் பெரும்பாலும் தனிக் கூலி இல்லை. 2016ல் வந்த சட்டப்படி, வீட்டில் சேவை செய்யப் போகிறவர் எத்தனை மணிக்கு, எங்கே உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று மின்னணுப் பதிவு வைக்க வேண்டும். வீட்டு மருத்துவ சேவைகளுக்கு இது 2023 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. ஆலை கேட்டில் டோக்கன் போடுகிற நமக்கு இந்தச் சங்கதி புதிதல்ல!

1938ல் அமெரிக்கா குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போட்டபோது யாரை வெளியே நிறுத்தியது தெரியுமா? வீட்டு வேலைக்காரர்களையும் விவசாயத் தொழிலாளரையும்! நோயாளியைக் குளிப்பாட்டி, உடுத்தி, பயிற்சிக்குத் தூக்கி உட்கார வைக்கும் வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர் பலருக்கு அந்தச் சட்டத்தின் காப்பு 2015ல்தான் கிடைத்தது. 2025ல் அதையும் திரும்பப் பிடுங்க அந்நாட்டுத் தொழிலாளர் இலாகா யோசனை வெளியிட்டது.

இப்போது விழுந்த வெட்டு

2025 ஜூலை 4ல் கையெழுத்தான சட்டம் பத்தாண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்திய சர்க்கார் பணத்தில் சுமார் 90,000 கோடி டாலரைக் குறைக்கிறது. பணம் குறைந்தால் மாநிலம் எதை வெட்டும்? கட்டாயமானதை வெட்ட முடியாது. விருப்பமானதைத்தான் வெட்டும். வீட்டுச் சேவையும் பெரியவர்களுக்கான பிசியோதெரபியும் எந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று மேலே பார்த்தோம். கத்தி எங்கே இறங்கும் என்று ஜோசியம் கேட்க வேண்டுமா? அதே சட்டம், வயது வந்த ஏழைகளில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. உடம்பு முடியாதவருக்கு விலக்கு உண்டாம். அந்த விலக்குக்கும் காகிதம் கேட்டால் முடங்கிய கை எப்படி எழுதும்?

கிடைத்ததெல்லாம் போராடித்தான்

ஆனால் அந்நாட்டு மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1990 மார்ச்சில் ஊனமுற்றோர் தங்கள் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, வாஷிங்டன் பார்லிமெண்டுக் கட்டடத்தின் படிகளில் கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து ஏறினார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஜார்ஜியா மாநிலத்தின் இரண்டு பெண்கள் வழக்காடினார்கள். நியாயமான காரணமின்றி மனிதர்களை விடுதியில் அடைத்து வைப்பது பாரபட்சமே என்று 1999ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2017ல் மெடிகெய்டை வெட்ட வந்தபோது மீண்டும் சக்கர நாற்காலிகளோடு மறியல் செய்து கைதானார்கள். அந்த வெட்டு அன்று நிறைவேறவில்லை.

வீடு தேடிப்போய்ச் சிகிச்சை தருவது நடக்காத காரியமா? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபி வைத்தியர் வீட்டுக்கே போகிறார். அதில் வீடு வீடாக நடக்கும் பெண்களுக்குச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான் என்ற குறை நமக்கும் உண்டு. ஆனால் வழி இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா?

ஆகவே அமெரிக்க உழைப்பாளியின் கோரிக்கை நியாயமானது. ஒரு முறை சோதனை, அது எல்லாக் கம்பெனிக்கும் செல்ல வேண்டும். வீட்டுச் சிகிச்சை சலுகையாக அல்ல, உரிமையாக வேண்டும். வழி நேரத்துக்கும் கூலி வேண்டும். நடுவில் நின்று மரக்காலைச் சுருக்கும் கம்பெனி வெளியேற வேண்டும்.

ஆலையிலும் வயலிலும் ஓய்ந்த கை அது. அது மறுபடி அசைவதற்கு எந்தக் கம்பெனியின் முத்திரைக்கும் காத்திருக்கக் கூடாது!