கூலியில்லாக் காவல்

விளையாட்டு வீரர் ஒருவர் மறைந்தபின் எழுதப்படும் இரங்கல் குறிப்புகளில் சில புகழ்மொழிகள் தவறாமல் இடம்பெறும். அவற்றுள் மிக உயர்ந்ததாக நம் நாட்டில் கருதப்படுவது, "அவர் ஒரு காசும் பெறாமல் ஆடினார்" என்பது. 2012 பிப்ரவரி 27 அன்று தம் 87ஆம் வயதில் காலமான வங்கத்துக் கால்பந்து வீரர் சைலேன் மன்னாவைப் பற்றி எழுதியோர் பலரும் இதனையே முதன்மைப்படுத்தினர்.

இப்புகழ்மொழி மன்னாவுக்குப் பெருமை சேர்ப்பதுதான். அதைச் சொல்லும் நமக்கு அது பெருமை சேர்க்கிறதா என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் வினா. இலக்கிய வாசகர் கூடும் இடத்தில் கால்பந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் வியக்கக்கூடும். கூலி பெறாத உழைப்பைப் போற்றும் வழக்கம் ஆடுகளத்தைக் காட்டிலும் சிற்றிதழ் உலகில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், இது நம் வீட்டுச் செய்தியும் ஆகிறது.

முதலில் மன்னாவின் ஆட்ட வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம். 1924இல் ஹவுரா மாவட்டத்தில் பிறந்தவர். 1942இல் மோகன் பகான் அணியில் சேர்ந்து, 1960 வரை அந்த ஒரே அணிக்குத் தடுப்பாட்ட வீரராக விளங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தாலிமேரன் ஆவ் தலைமையில் ஆடிய இந்திய அணியில் அவரும் இருந்தார். பெரும்பாலோர் காலணியின்றி ஆடிய அவ்வணி பிரான்சிடம் 1–2 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளில் ஒன்றைத் தவறவிட்டவர் மன்னா. 1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவரே தலைமை வகித்த அணி யூகோஸ்லாவியாவிடம் 1–10 என வீழ்ந்தது. 1971இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வாழ்வுக்குச் சோறிட்டது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் அவர் பார்த்த வேலை. கால்பந்து அவருக்குச் சம்பளம் தரவில்லை.

இனி, அதே 1924இல் இங்கிலாந்தில் பிறந்த இன்னொரு தடுப்பாட்ட வீரரைக் காண்போம். அவர் பெயர் பில்லி ரைட். அவரும் வாழ்நாள் முழுவதும் ஒரே அணிக்கு, உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அணிக்கு, ஆடியவர். அவரும் தம் நாட்டு அணியின் தலைவர். 1959இல் ஓய்வு பெற்றார். அவரது ஆட்ட வாழ்வை எண்களால் அளந்துவிடலாம். லீக் ஆட்டங்கள் 490. இங்கிலாந்துக்காக ஆடியவை 105. அவற்றுள் தலைமை வகித்தவை 90. இடைவிடாமல் தொடர்ந்து ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 70. உலகிலேயே தம் நாட்டுக்காக நூறு ஆட்டங்களைக் கடந்த முதல் கால்பந்து வீரர் அவரே. 1953 நவம்பர் 25 அன்று வெம்பிளியில் அங்கேரியின் புஷ்காஷ், பந்தைக் காலடியால் பின்னிழுத்து ரைட்டை ஏமாற்றிக் கோல் அடித்த நொடியும் அதே துல்லியத்தோடு பதிவாகியிருக்கிறது.

ஒரே ஆண்டில் பிறந்து, ஒரே வகை ஆட்டத்தில், ஒரே அணிக்கு உழைத்த இவ்விருவரில் ஒருவரின் கணக்கு முழுமையாக உள்ளது. மற்றவர் பத்தொன்பது பருவங்களில் களத்தில் செய்த வேலைக்குச் சில தலைப்புச் செய்திகளே எஞ்சியுள்ளன. வெள்ளையர் ஆவணப்படுத்துவதில் வல்லவர், நாம் சோம்பேறிகள் என்று இதற்கு எளிய விளக்கம் தந்துவிடலாம். நமக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

ரைட் கூலி பெற்றவர். கூலி வழங்குமிடத்தில் கணக்கு எழுதியாக வேண்டும். எந்த வாரம் ஆடினார், எந்த வாரம் காயத்தால் ஒதுங்கினார் என்பதெல்லாம் பணத்தோடு பிணைந்த செய்திகள். பணப்பேரேடு எழுதப்படும் இடத்தில் வரலாறும் தானாகச் சேர்ந்துகொள்கிறது. தமிழருக்கு இது புதிய உண்மையன்று. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் பணியாற்றிய தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேரின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நமக்குத் தெரிகின்றன. எந்தத் தெருவில், எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது. அவர்களது ஆடற்கலையைப் போற்றி யாரோ பாடியதால் இது கிட்டவில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று இராசராசன் பங்கு ஒதுக்கினான். பங்கு ஒதுக்கியதால் பெயரும் வீடும் கல்லில் வெட்டப்பட்டன. நெல் அளக்கப்படாத எத்தனையோ கலைஞர்கள் அதே காலத்தில் வாழ்ந்திருப்பர். அவர்களுக்கு நம்மிடம் பெயரில்லை.

இதனால் மிகுந்த இழப்புக்கு ஆளாகிறவர் தடுப்பாட்ட வீரர். கோல் அடிப்பவனுக்குக் கூலி இல்லாவிட்டாலும் கோலாவது எண்ணிக்கையில் நிற்கும். 1951 ஆசிய இறுதியாட்டத்தில் ஈரானுக்கு எதிராக அடிக்கப்பட்ட ஒரே கோல் மேவாலாலுடையது என்பது பதிவாகிவிட்டது. அதே போட்டியில் இந்தோனேசியா, ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று அணிகளும் இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அடிக்கப்பட்டவை ஏழு, வாங்கியவை சுழி. அந்தச் சுழிக்குள்தான் மன்னாவின் உழைப்பு இருக்கிறது. சுழியைப் பிரித்து யாருக்கு எவ்வளவு என்று பங்கிட முடிவதில்லை.

விருத்தாசலத்தில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. இவ்வூரின் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைகளும் செய்கிறார்கள், மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களும் வீட்டு ஃபியூஸ் கட்டைகளும் செய்கிறார்கள். பொம்மையை வாங்கியவர் கூடத்தில் வைத்து அழகு பார்ப்பார். ஃபியூஸ் கட்டையை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அது வெடித்து விளக்கணைந்த இரவில்தான், அப்படியொன்று கதவுக்குப் பின்னால் இத்தனை ஆண்டு இருந்தது என்பது நினைவுக்கு வரும். தடுப்பாட்ட வீரரின் புகழும் இத்தகையதே. மன்னா என்றதும் தவறிய பெனால்டியும் பத்து கோல்களும், ரைட் என்றதும் புஷ்காஷிடம் ஏமாந்ததும் முதலில் சொல்லப்படுகின்றன. ஆனால் நம் ஊரில் பொம்மை செய்பவருக்கும் ஃபியூஸ் கட்டை செய்பவருக்கும் கூலி உண்டு. பார்வைக்கு வராத பொருள் என்பதற்காகச் சூளைக்காரரிடம் இனாமாகக் கேட்பவர் எவருமிலர்.

இங்கு ஒரு மறுப்பு எழும். பணம் நுழைந்த இடத்தில் பற்று கெடும். மன்னாவின் மாண்பே அவர் பணத்துக்கு அப்பாற்பட்டவர் என்பதில்தான் உள்ளது என்பர். இம்மறுப்பில் உண்மையின் ஒரு கூறு உண்டு. இன்றைய ஐரோப்பிய கால்பந்தில் ஆட்டக்காரர்கள் கைமாறும் தொகைகளைக் காணும்போது எவருக்கும் மனம் கூசும். எனினும் ரைட்டின் காலம் அப்படிப்பட்டதன்று. அவர் ஓய்வுபெற்றபோது இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் பெற இயலாது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் எச்சரித்த பின்னரே, 1961 ஜனவரியில் அந்த உச்சவரம்பு நீங்கியது. ரைட் செல்வத்தில் புரண்டவரல்லர். உழைப்புக்கு ஊதியம் பெற்றவர், அவ்வளவே. ஊதியம் பெற்றதால் அவரது பற்று குறைந்துவிட்டதாக உல்வர்ஹாம்ப்டனில் யாரும் சொல்லமாட்டார்கள். அவ்வணியின் அரங்கிற்கு வெளியே இன்றும் அவரது சிலை நிற்கிறது.

சங்க மரபையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தம்மை நேரில் காணாமல் அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் உண்டு. அதைப் பொருளை வெறுத்த புலவரின் துறவாகப் படிப்பது பொருந்தாது. தம் தகுதியை அறிந்து தருவதாயின் சிறிதாயினும் ஏற்பேன் என்பதே அவர் நிலை. பரிசில் பெறுவதில் நம் புலவர்களுக்கு நாணம் இருந்ததில்லை. அறியப்படாமல் பெறுவதில்தான் இருந்தது. அறியப்படுதலும் பெறுதலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை என்று அவர்கள் கண்டிருந்தனர். நாமோ இரண்டையும் பிரித்து, பெறாதவனே மேலோன் என்று ஓர் அறத்தைப் பிற்காலத்தில் கற்பித்துக்கொண்டோம்.

இந்த அறத்தின் விலையைத் தமிழ் இலக்கியம் அறியும். நம் ஊரின் பெயரையே இயற்பெயராகக் கொண்டு, இதே மாவட்டத்துத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்ற பெயரில் தமிழ்ச் சிறுகதையின் முகத்தை மாற்றினார். 1948 ஜூன் 30 அன்று, 42 வயதில், காசநோயும் வறுமையும் சூழ மறைந்தார். மன்னா லண்டனில் பெனால்டியைத் தவறவிட்டது அடுத்த மாத இறுதியில். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, புத்தகக் கட்டுகளைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது 2001இல்; அவர் இறந்தது 1998இல். இவற்றையெல்லாம் நாம் கண்ணீரோடும் ஒருவகைப் பெருமிதத்தோடும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்தப் பெருமிதத்தில்தான் தவறு இருக்கிறது. வறுமை அவர்களது எழுத்துக்கு எதையும் சேர்க்கவில்லை. எழுதப்படாமற்போன பக்கங்களை மட்டுமே நம்மிடமிருந்து பறித்தது.

மன்னாவால் கூலியின்றி ஆட முடிந்தது, அவருக்கு அரசு வேலை இருந்ததால். அத்தகைய வேலை கிட்டாதவர்கள் எத்தனை பேர் இருபது வயதில் ஆட்டத்தைக் கைவிட்டுக் கடைக்கும் வயலுக்கும் திரும்பினர் என்பதற்கு எந்தப் பேரேடும் இல்லை. தியாகத்தைத் தகுதியாக்கும் துறையில், தியாகம் செய்ய வசதியுள்ளவர்களே நிலைக்க முடியும். இது அறத்தின் பெயரால் நடக்கும் ஒரு வடிகட்டல்.

இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. நம் கடலூர் மாவட்டம் மகளிர் கால்பந்துக்குப் பெயர் பெற்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியையும் பெற்றவர். 2018இல் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் அரசுப் பணி கிடைக்கும் ஒருத்திக்குப் பின்னால், அதே களத்தில் அதே வெயிலில் ஓடிய பத்துப் பெண்கள் இருக்கின்றனர். அவர்களுள் தடுப்பாட்டக்காரிகளின் நிலை இன்னும் கடினம். வேலைக்கு விண்ணப்பிக்கையில் காட்ட அவர்களிடம் கோல் எண்ணிக்கை இல்லை. ஆண்கள் கால்பந்திலும் ஊதியம் உறுதியாகிவிடவில்லை. 2025இல் இந்தியன் சூப்பர் லீக்கின் ஒப்பந்தச் சிக்கலால் பருவம் உரிய காலத்தில் தொடங்காதபோது, பெங்களூரு அணி தன் வீரர்களுக்கான ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

எனவே நாம் முன்வைப்பது இரண்டு சிறிய செயல்கள். ஊர்ப் போட்டியாயினும் கல்லூரிப் போட்டியாயினும், கோல் அடித்தவர் பெயரோடு களமிறங்கிய பதினொருவர் பெயரையும் எழுதி வைப்போம். நடத்துபவர் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குமுன் ஆடுபவர்களுக்கு ஒரு தொகையை ஒதுக்கட்டும். இதையே இலக்கியக் கூட்டங்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் பொருத்தலாம். அரங்க வாடகைக்குக் கடன் சொல்ல நமக்குத் துணிவில்லை, அச்சகத்துக்குக் கடன் சொன்னால் இதழ் வெளிவராது; எழுதியவருக்கு மட்டும் "சன்மானம் இல்லை, சால்வை உண்டு" என்று சொல்லப் பழகியிருக்கிறோம். நூறு ரூபாயாயினும் அது ஒரு பேரேட்டில் ஏறும். பேரேட்டில் ஏறிய பெயர் எளிதில் அழிவதில்லை.

மன்னா பணம் கேட்கவில்லை. அது அவரது பெருந்தன்மை. அவர் கேட்காததால் நாம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. அடுத்த தலைமுறையின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் மறையும்போது, "அவருக்கு உரியதை உரிய காலத்தில் கொடுத்தோம்" என்று எழுத நேருமாயின், அதைவிடச் சிறந்த இரங்கலுரை வேறிராது.