வீட்டுக்குள் நுழையாத சட்டம்

'எங்க வீட்டுப் புள்ள மாதிரித்தான் வச்சிருக்கோம்' என்பார்கள். வீட்டுப் பிள்ளைக்குத் தனி டம்ளர் எதற்கு? கொல்லை வாசல் எதற்கு? நாய் நடுக்கூடத்தில் படுத்திருக்கும். பாத்திரம் தேய்க்கிறவள் அங்கே உட்காரக் கூடாது. இதுதான் அவர்கள் சொல்லும் பாசம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சேரிகளிலிருந்து விடியுமுன் கிளம்பும் நம் பெண்களுக்கு, வயல்வேலை சுருங்கியபின் மில் ஒரு வழி, வீட்டுவேலை இன்னொரு வழி. மில்லில் ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும். வீட்டில் ஏது சங்கு? எசமானியம்மா படுத்தால்தான் வேலை முடிந்தது.

சட்டமே இல்லையா? இருக்கிறது. 1946இல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் குறைந்தபட்சக் கூலி மசோதாவைக் கொண்டுவந்தார். 1948இல் சட்டமாயிற்று. தமிழ்நாட்டில் வீட்டுவேலைக்கு மணிக்கணக்கில் கூலி அறிவிக்க 2018 ஆனது. எழுபது வருஷம்! 2007இல் நலவாரியம் வந்தது. வீடும் வேலைத்தலம்தான் என்கிறது 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு, ஏஜென்சிக் கட்டணத்தைக் கூலியில் பிடிக்கக்கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு 189ஆம் உடன்படிக்கை. அதற்கு ஆதரவாகக் கைதூக்கிய இந்தியா இன்னும் ஒப்புதல் தரவில்லை. தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு போடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

நடுவில் ஏஜென்சிக்காரன். 'ஆள் பிடிக்கலைன்னா மாத்தித் தர்றோம்' என்கிறான். மிக்ஸிக்குத் தருகிற கேரண்டி. வீடு சரியில்லையென்றால் வேறு வீடு தருகிறோம் என்று எந்தப் பெண்ணுக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறானா? 2024 ஜனவரியில் சென்னை வழக்கைப் பார்த்தோம். படிப்புக்குப் பணம் சேர்க்க ஏஜென்ட் மூலம் போன தலித் பெண், பொங்கலுக்கு ஊர் வந்தபோதுதான் காயம் வெளியே தெரிந்தது. அவள் புகாரின்பேரில் எம்.எல்.ஏ. ஒருவரின் மகனும் மருமகளும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார்கள். நான்கு சுவருக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

ஆதிக்கச் சாதி வீடுகளோடு கணக்கு முடியவில்லை. நம்மிலும் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நான் வங்கியில் குமாஸ்தா. 2024 மார்ச்சில் எங்களுக்கு 12ஆவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் ஆனது. வாரம் ஐந்து நாள்தான் வேலை என்று இன்னும் கோஷம் போடுகிறோம். கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் தோழர் எத்தனை பேர் சமையல்கார அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை தருகிறார்கள்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது கருணையல்ல, காகிதம். என்ன வேலை, எத்தனை மணி, எவ்வளவு கூலி என்று எழுதி அவள் கையில் ஒரு பிரதி. கூலி அவள் பேரிலுள்ள கணக்கில் விழட்டும். ரொக்கமாய்க் கைமாறிய காசுக்குச் சாட்சி கிடையாது. பாஸ்புத்தகத்தில் மாதாமாதம் ஏறும் ஒரு வரி லேபர் ஆபீசில் பேசும். கமிஷனை ஏஜென்சி வீட்டுக்காரரிடம் வாங்கட்டும், அவள் கூலியில் கைவைக்கக் கூடாது. 18 வயதிலிருந்து 60 வரை யாரும் வாரியத்தில் பதியலாம். மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பத்துப் பெண்களைப் பதிந்துவிட்டு வாருங்கள். பதியாதவள் கணக்கில் வராதவள். கணக்கில் வராதவளுக்கு எந்த அரசும் பதில் சொல்லாது.