முதல் கையெழுத்து நம்முடையது

"டாக்டர், மெடிக்கல் சர்டிபிகேட்டை அப்போஸ்டில் பண்ணணுமாம், ஸ்டாம்ப் தெளிவா இருக்கணுமாம்." துபாய்க்கு வேலைக்குப் போகிறவரும் சொல்கிறார், கனடாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகும் இதய நோயாளியும் சொல்கிறார். நாமும் லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுத்துவிடுகிறோம். மிச்சம் ஏஜென்ட் பாடு என்பது நம் கணக்கு. அந்தக் கணக்குதான் தவறு.

அப்போஸ்டில் என்பது ஓர் ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கப்படும் முத்திரை. 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி, அது மூன்றைத்தான் உறுதிசெய்கிறது: கையெழுத்து உண்மையானது, கையெழுத்திட்டவர் இன்ன பொறுப்பில் இருந்து இட்டார், முத்திரை அசல். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதே இல்லை. போதாக்குறைக்கு அந்த உடன்படிக்கை பொது ஆவணங்களுக்கு மட்டுமே உரியது. அரசு மருத்துவர் பதவியின் பெயரால் தரும் சான்றின் நிலை வேறு. தனியார் மருத்துவரின் கடிதம் நோட்டரி வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். அதன் பிறகு மாநில அரசும் வெளியுறவு அமைச்சகமும் வைக்கும் முத்திரைகள் தத்தமக்கு முந்தைய கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். நோயாளிக்கு இன்சுலின் தேவை என்பதற்கு அந்தத் தாளில் நம்மைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

எந்த நாட்டுக்கு எந்த வழி என்பதை நோயாளியிடம் முதலிலேயே கேட்பது நல்லது. இந்தியாவில் உடன்படிக்கை 2005 முதல் நடப்பில் இருக்கிறது. சவூதி அரேபியா 2022 டிசம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும் வந்து சேர்ந்தன. அமீரகத்துக்குப் பழைய பாதைதான்: நம் வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம், பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். ஜெர்மனி உடன்படிக்கையில் இருந்தாலும் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்த நாடு. அங்கே போகிறவர் நம் அப்போஸ்டிலுக்குப் பணம் கட்டுவது வீண். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டைக்கும் இந்த முத்திரை எதுவும் வேண்டாம். சர்வதேச சுகாதார விதிகளின்படி அதுவே போதும், 2016 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும்.

சான்று திரும்பி வருவதற்கான காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. நம் ஊரில் முதலிடம் இனிஷியலுக்கு. மருத்துவமனைக் கோப்பில் 'கே. முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் கந்தசாமி'. இருவரும் ஒருவரே என்று வெளிநாட்டு குமாஸ்தா ஏன் நம்ப வேண்டும்? பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள், எண்ணையும் சேர்த்துவிடுங்கள். மருந்துக்கு ஜெனரிக் பெயர் கட்டாயம். நம் பிராண்டுப் பெயரில் அங்கே வேறொரு மருந்து விற்கலாம். மருத்துவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் பதிவு எண்ணையும் போடுங்கள்.

பதிவு எண் போடச் சொல்வது புதிய யோசனை அல்ல, 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. கொடுத்த சான்றுகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும், நோயாளியின் அங்க அடையாளமும் கையெழுத்தும் சான்றில் இருக்க வேண்டும், சான்றின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. எத்தனை கிளினிக்குகளில் அந்தப் பதிவேடு இருக்கிறது? வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் 'இது நீங்கள் தந்ததுதானா' என்று கேட்டு எழுதும்போது, ரிசப்ஷனில் இருப்பவர் 'தெரியாது' என்றால் அசல் சான்றும் போலியாகிவிடும்.

இதைவிடக் கவலை தருவது இன்னொரு பழக்கம். கேட்டது ஒரு வரிச் சான்று. நாம் கொடுப்பது டிஸ்சார்ஜ் சம்மரி முழுவதும். அதை ஏஜென்ட் படிக்கிறார், நோட்டரி அலுவலகத்தில் படிக்கிறார்கள், ஜெராக்ஸ் கடையில் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. எச்.ஐ.வி. நிலையோ மனநல சிகிச்சையோ அதில் இருந்தால் என்ன ஆகும்? இவற்றின் இரகசியத்தைக் காக்க 2017-இல் மட்டும் இரண்டு சட்டங்கள் வந்தன. எந்த அலுவலகம் கேட்கிறது, எதற்காகக் கேட்கிறது என்று விசாரித்து, அதற்கு வேண்டியதை மட்டும் தனித் தாளில் எழுதித் தருவதே முறை. சம்மரி வேண்டுமென்று நோயாளியே கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டியது நம் கடமை. அது எங்கெங்கே போகும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எதிர்த்திசையிலும் தாள்கள் வருகின்றன. உறுப்பு மாற்றுக்காக வரும் வெளிநாட்டவரின் உறவுமுறையை அவர்கள் நாட்டுத் தூதரகம் 21-ஆம் படிவத்தில் சான்றளிக்க வேண்டும் என்கின்றன 2014-ஆம் ஆண்டு விதிகள். அங்கும் தூதரக முத்திரையைப் பார்த்ததும் விசாரணை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. உறவைத் துருவிப் பார்க்கும் பொறுப்பு அனுமதிக் குழுவினுடையது.

கடைசியாக, வலி மருந்து எழுதுகிறவர்களுக்கு. டிராமடால் சாப்பிடும் நோயாளி அமீரகத்துக்குப் போகிறார் என்றால், எத்தனை முத்திரை குத்திய கடிதமும் அவருக்குப் போதாது. அந்நாட்டு அரசிடம் இணையவழியில் முன் அனுமதி வாங்க வேண்டும். இதை ஏஜென்ட் சொல்லமாட்டார், அவருக்குத் தெரியவும் தெரியாது. மருந்துச் சீட்டு எழுதும்போதே, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, நாம் சொல்லியாக வேண்டும்.