கோடு ஒன்று, அளவு வேறு

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, சுரங்க இயந்திரங்களை ஓட்டுவதற்காக. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியை நம்பி வாழ்ந்த காலமும் அதோடு போயிற்று. சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் லைன் வீடுகளின் நீரிழிவுக்காரர்களுக்கு இனி மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி, கம்பவுண்டர் வேலை அவர்களுடையது. இன்சுலினை வாங்கிவந்து, அளந்து, தாங்களே குத்திக்கொள்ள வேண்டும்.

தவறு நேர்வது பெரும்பாலும் அளக்கும்போது. இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, பழி மருந்தின் மேல் விழும். பேனா மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட்! வியர்வை, நடுக்கம், மயக்கம். நினைவிருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். ஃப்ரீஸரில் உறைந்துபோனதை வீசிவிட வேண்டும், உருகிய பிறகு பார்வைக்குச் சரியாகவே தெரிந்தாலும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலுக்குள் வைத்த மண்சட்டி ஓரளவு கைகொடுக்கும். பிரித்த குப்பி பொதுவாக நான்கு வாரம் தாங்கும். பிரித்த தேதியைக் குப்பி மேலேயே எழுதிவைப்பது நல்லது. பெங்களூருக்கு விடியற்காலை ரயில் பிடிப்பவர்கள் பேனாவைச் சட்டைப் பையிலோ வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைக்காதிருந்தால் சரி. ஒரே இடத்தில் தினமும் குத்தினால் தோலடியில் கட்டி தட்டும். அங்கே மருந்து ஒழுங்காக ஏறாது.

இன்சுலின் ஒரு பெப்டைட். 1922 ஜனவரியில் டொரண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகப் போட்டபோது மருந்தின் அசுத்தத்தால் ஒவ்வாமை வந்தது. சுத்திகரித்த பிறகே பலன் கிடைத்தது. இந்தப் பழைய கதையை, எடை குறைக்கவும் தசை கூட்டவும் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டிய பொடியை எங்கிருந்தோ வரவழைப்பவர்கள் கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியக் கடைகளுக்கு வந்தது டாக்டர் சீட்டுக்கு. தபாலில் வரும் பொடிக்கு யார் சீட்டு? 5 மில்லிகிராம் பொடியில் ஒரு மில்லி தண்ணீர் விட்டால், ஆரஞ்சு மூடி சிரிஞ்சின் 10ஆம் கோட்டில் அரை மில்லிகிராம் வரும். இரண்டு மில்லி விட்டால் அதில் பாதி. சிரிஞ்சிலுள்ள யூனிட் இன்சுலினுக்குப் போட்ட கணக்கு, மற்றவற்றுக்கு அது வெறும் கோடு. கணக்கு சரியாக வந்தாலும் பொடிக்குள் இருப்பது என்ன, அது கிருமி நீக்கியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீர் ஊசிக்கான தண்ணீர் ஆகாது. சந்தேகமான குப்பியைப் 'பாதுகாப்பாகக்' கலக்க வழி ஏதும் இல்லை.

போட்டு முடித்த ஊசியை மூடியோடு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் ஒட்டி, மருந்துக்கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்க வேண்டும். தெருக்குப்பையில் போட்டால் அதன் முனை ஏறுவது குப்பை அள்ளுபவர் கையில்.