மச்சானின் தூண்டில்

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஓகஸ்டில் வெள்ளவத்தைக்கு வருகிறார். கோயில் திருவிழா, கலியாண வீடு எதையும் விசாரிக்கவில்லை. "எங்கே தூண்டில் போடலாம்?" இதுதான் தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி.

அவருக்குப் பழக்கப்பட்ட இடம் பிக்விக் ஏரி. டெனசி, அலபாமா, மிசிசிப்பி மூன்று மாநிலங்களும் அங்கே தண்ணீரில் சந்திக்கின்றன. இளவேனிலில் நீர் சூடேறத் தொடங்கியதும் கிரப்பி என்ற மீன் முட்டையிடக் கரையோரம் ஒதுங்கும். சின்ன மீனைக் கொளுவிக் காத்திருந்தால் போதும். போவதற்கு முன்னால் எந்தக் கரையில் படகை இறக்குவது, எந்த மாநிலத்து அனுமதி வேண்டும் என்று பார்ப்பதற்கே ஒரு மாலை போய்விடுமாம். எங்களுக்கு அது வாரக்கணக்கில் இழுபடுகிறது.

அவர் வரைபடத்தில் விரல் வைத்தது இங்கினியாகலவில். தெரியாமல் வைத்தாலும் பொருத்தமான இடம்தான். பிக்விக் அணையை 1938இல் கட்டி முடித்தது டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் 1949இல் இங்கே கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டியதும் ஓர் அமெரிக்க நிறுவனமே. அப்படி வந்ததுதான் சேனநாயக்க சமுத்திரம். அதைச் சுற்றி 1954இல் அறிவிக்கப்பட்ட தேசிய பூங்கா கிழக்கு, ஊவா இரண்டு மாகாணங்களிலும் பரந்து கிடக்கிறது. யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்து பார்க்கலாம். ஆனால் பூங்கா எல்லைக்குள் நினைத்த இடத்தில் தூண்டில் வீச விடமாட்டார்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வான் ஓடி யானை பார்க்கவா?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பாவுக்கு அனுமதியும் தூரமும் ஒரு பொருட்டில்லை. கல்லோயா என்றதுமே அவருக்கு 1956 ஜூன். தனிச் சிங்களச் சட்ட நாட்களில் கல்லோயாக் குடியேற்றத்தில் தமிழர்கள் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டு வளர்ந்தவர். "வேறை குளம் கிடைக்கேல்லையோ?" என்றார். மச்சான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வரைபடத்தை மேற்குப் பக்கம் நகர்த்தினார்.

என் வாக்கு முதலிலிருந்தே பொல்கொட ஏரிக்குத்தான். மாகாண எல்லை இல்லாவிட்டாலும் மாவட்ட எல்லை உண்டு: மொரட்டுவைப் பக்கம் கொழும்பு, பாணந்துறைப் பக்கம் களுத்துறை. வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று என்று இரண்டு நீர்ப்பரப்புகள், நடுவே இணைக்கும் ஆறு, பாணந்துறையில் கடல்வாய். அதனால்தான் அங்கே கொடுவா மீன். கிரப்பி உள்ளங்கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை. கொடுவாவோ தூண்டில்காரனையே இழுத்துப் பார்க்கும். நன்னீரில் வளர்ந்து, உப்புக் கலந்த முகத்துவாரப் பக்கம் போய் முட்டையிடும். இன்னொரு விசேஷம்: பெரும்பாலும் ஆணாக வளரத் தொடங்கி, சில வருடங்களில் பெண்ணாக மாறிவிடும். ஆகப் பெரியது அகப்பட்டால் அது அநேகமாக முட்டைக்காரி. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விடுவது நல்லது என்பது என் கட்சி. மச்சானும் ஒத்துக்கொண்டார், அமெரிக்காவில் அளவு பார்த்து விட்டுப் பழகியவர்.

தங்கூசியும் தூண்டில் முள்ளும் புறக்கோட்டையில் வாங்கலாம். உயிர் இறாலை அன்று காலையில் கரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். மழை பெய்து நீர் கலங்கினால் நாளை மாற்றவேண்டும். பொல்கொடவில் முதலை உண்டு என்று அம்மா யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார். உண்மைதான், அதனால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கும் யோசனையை விட்டாயிற்று, படகுதான்.

மீனை விடுவது பற்றி நாங்கள் கதைத்ததை அம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"விடுறதுக்கோ பாணந்துறை மட்டும் போறியள்? அப்ப வரேக்கை சந்தையிலை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வாங்கோ."