கூத்து என்னும் சொல்

சொற்களுக்கும் வாழ்வுண்டு, தாழ்வுமுண்டு. அவையத்தே பெருமையுற்றிருந்த சொல் பிற்காலத்தே எள்ளல் மொழியாய் இழிதலும் உண்டு. அத்தகையவற்றுள் ஒன்று கூத்து. ஒழுங்கின்மையைக் கண்டவிடத்து, 'இஃதென்ன கூத்து?' என வினவுகின்றோம். பொறுப்பின்றித் திரிவாரைக் 'கூத்தடிக்கின்றனர்' என்கின்றோம். 'கூத்தாடி' என்பதோ வசைமொழியாகவே நின்றுவிட்டது. இவ்வழக்கு முறையாமோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முன்னையோர் இச்சொல்லை எங்ஙனம் ஆண்டனர்? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். தில்லையில் ஆடும் இறைவனைக் கூத்தன் என்றே சைவர் போற்றினர். கூத்தாடுவார்க்கு விடப்பட்ட நிலம் சோழர் காலத்தே கூத்துக்காணி எனப்பட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையோ, மாதவி ஆடிய அரங்கிற்கு 8 கோல் நீளமும், 7 கோல் அகலமும், 1 கோல் உயரமும் வகுக்கின்றது. கோல் என்பது 24 விரல் அளவினது. ஆடல் பயிற்றும் ஆசிரியன் கூத்தின் இருவகையும் அவற்றின் இலக்கணமும் கற்றவனாதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. கூத்து என்பது ஒழுங்கின்மைக்குப் பெயராயின், இத்துணை அளவும் வரம்பும் எற்றுக்கு?

இச்சொல்லைப் பற்றிய இருவேறு மனப்பான்மையை நம் பழமொழிகளே காட்டுகின்றன. 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்பது ஒன்று. அஃது அவனைப் பிறர் பூசலில் மகிழ்வோனாக்குகின்றது. 'கூத்தாடி கிழக்கே பார்ப்பான். கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்' என்பது மற்றொன்று. பகலெல்லாம் உழைத்தவன் ஞாயிறு மறைதலை நோக்குகின்றான்; இரவெல்லாம் ஆடியவன் அஃது எழுதலை நோக்குகின்றான். கூத்தும் ஓர் உழைப்பே என்றுணர்ந்த உள்ளத்திற் பிறந்த மொழி இது. திரௌபதியம்மன் விழாக்களிலே, முடியும் புயக்கட்டையும் தாங்கி, மத்தளத்திற்கும் முகவீணைக்கும் இயைய விடியுமளவும் ஆடிப் பாடுவோரைக் கண்டார்க்கு இதன் உண்மை இனிது விளங்கும்.

சொற்பொருள் காலந்தோறும் வேறுபடுதல் இயல்பன்றோ என்பார் உளர். மெய்யே, நாற்றம் என்னுஞ் சொல் நறுமணத்தினின்று இழிந்ததற்கு நாம் வருந்துதல் வேண்டா, அதனால் துன்புறுவார் எவருமிலர். கூத்தோ அத்தகையதன்று. அச்சொல்லால் உயிர்வாழும் மக்கள் இன்றும் உளர். ஷேக்ஸ்பியரின் கதையை நாம் மேடையில் நடித்தால் அது நாடகம். அருச்சுனன் தபசைச் சிற்றூரார் நடித்தால் அது கூத்து என்கின்றோம். பெயர் வேறுபாட்டிற் குற்றமில்லை. ஒன்றனைப் பாராட்டாகவும் மற்றொன்றனை ஏளனமாகவும் வழங்குவதே குற்றம். கூத்தர் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன் நம் வகுப்பில் நம்மருகே அமர்ந்திருத்தல் கூடும். தன் தந்தையின் தொழிற்பெயர் வசையாய் வழங்கக் கேட்டு அவன் நாணித் தலைகவிழ்வானாயின், அப்பழி மொழியைச் சாராது; நம்மையே சாரும்.

வீழ்ந்த சொல் மீண்டெழுதலும் அரிதன்று. 1977ஆம் ஆண்டில் சென்னையில் புதிய நாடகத்திற்கெனக் குழு ஒன்றை நிறுவிய ந. முத்துசாமி அதற்குக் கூத்துப்பட்டறை என்றே பெயரிட்டார். கேரளத்துக் கூடியாட்டத்தை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் மானிடச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதனை வழிவழியாக ஆடிவரும் சாக்கியார், கூத்து என்னும் சொல்லை இன்றும் பெருமையுடன் வழங்குகின்றனர்.

ஆதலின் நாம் வேண்டுவது சிறிதே. குழப்பத்தைக் குழப்பம் என்றே கூறுவோமாக; அதற்கு வேண்டிய சொற்கள் தமிழிற் பலவுள. கூத்து என்பதனைக் கூத்திற்கே விட்டுவிடுவோமாக. நம் கல்லூரித் தமிழ் விழாவில் ஓரிரவேனும் கூத்தர் குழுவினை அழைத்து, விடியுமளவும் இருந்து காண்போமாக. அவரோடு நாமும் கிழக்கு நோக்கி விழித்திருந்தால், அச்சொல்லை எள்ளி வழங்க நம் நா தானே கூசும்.