போதைச் சாவுகளுக்குக் கணக்கு எங்கே?

ஓபியாய்டு வகைப் போதைப்பொருள் அளவு மிஞ்சியதால் இந்தியாவில் ஆண்டுதோறும் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதற்கு அரசிடம் நம்பத்தக்க எண் இல்லை. அபின், ஹெராயின் மட்டுமல்ல, டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் இந்த வகைதான். பிடிபட்ட சரக்கு எத்தனை கிலோ, மதிப்பு எத்தனை கோடி என்பது புகைப்படத்தோடு செய்தியாகிறது. செத்தவர் கணக்குக்கு அந்த அக்கறை வாய்ப்பதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஓபியாய்டு பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி பேர். அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் ஏறத்தாழ 77 லட்சம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கிலோ, எல்லாப் போதைப்பொருள்களையும் சேர்த்தே அளவு மிஞ்சி இறந்தவர்கள் எழுநூறு பேர்கூட இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேல். அங்கே ஃபென்டனில் என்ற வீரியம் மிக்க ஓபியாய்டு புழங்குவதால் சாவு கூடுதல் என்பது உண்மைதான். இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. இருந்தாலும் 77 லட்சத்துக்கு எழுநூறு என்பது நம்பும்படியாக இல்லை.

காப்பகம் தொகுப்பது காவல் நிலையங்கள் தரும் விவரத்தை; மருத்துவப் பதிவை அல்ல. கோளாறு அங்கேயே தொடங்குகிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குவதால், கூட இருந்தவர்கள் 108-ஐ அழைக்கவே பயப்படுகிறார்கள். குடும்பமோ மாரடைப்பு என்று சொல்லி உடலை வாங்கிப்போகப் பார்க்கிறது. பிரேதப் பரிசோதனை நடந்தாலும், உள்ளுறுப்பு மாதிரி தடயவியல் ஆய்வகத்துக்குப் போய் முடிவு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ஆண்டுக் கணக்கை முடித்துவிட்டால் அந்தச் சாவு வேறு தலைப்பில்தான் போய்ச் சேரும். எஞ்சுவதும் 'போதைப்பொருள் அளவு மீறல்' என்ற ஒரே தலைப்பில் அடைபடுகிறது. எந்தப் பொருள் கொன்றது என்று அதில் இல்லை.

மருத்துவப் பதிவின் நிலையும் மெச்சத்தக்கதல்ல. 2021-இல் பதிவான இறப்புகளில் காரணத்தை மருத்துவர் சான்றளித்தது நான்கில் ஒன்றுக்கும் குறைவு. சான்றளிக்கும்போதும் 'இதயமும் சுவாசமும் நின்றன' என்று எழுதி முடிக்கும் வழக்கம் உண்டு. யார் செத்தாலும் இதயம் நிற்கத்தானே செய்யும்!

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் இருந்தது. 2014-இல் அங்கே அளவு மீறி இறந்தவர்களின் சான்றிதழ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் மருந்தின் பெயரே இல்லை. விடுபட்டதை மதிப்பிட்டுச் சேர்த்த வர்ஜீனியா பல்கலைக்கழகப் பொருளியலாளர் கிறிஸ்டோபர் ரூம், ஓபியாய்டு இறப்பு விகிதம் அரசு சொன்னதைவிட 24% அதிகம் என்று கண்டார். பின்னர் பெயர் எழுதாத சான்றிதழ்கள் குறைந்தன. 2017 முதல் தற்காலிகக் கணக்கு, சுமார் நான்கு மாத இடைவெளியில், மாதந்தோறும் வெளியாகிறது. இந்தியாவில் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை வந்ததே 2025 செப்டம்பர் கடைசியில்!

தாமதத்துக்கு விலை உண்டு. டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். இப்போது தமிழ்நாட்டில் காவல் துறை அடிக்கடி பறிமுதல் செய்வது டேபென்டடால் மாத்திரைகளை. அவற்றைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்கிறார்கள். இதனால் செத்தவர் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் என்று தெரியாமல் கட்டுப்பாட்டை விவாதிப்பது குருட்டாம்போக்கு.

சட்ட அடித்தளம் இல்லாமலில்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தம், மருத்துவமனையில் நேரும் ஒவ்வொரு இறப்புக்கும் காரணச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் படிவத்தில் மருந்தின் பெயர் இடம்பெற வேண்டும். ஆய்வக முடிவு பிந்தி வந்தால் பழைய பதிவைத் திருத்த வேண்டும். பிழைத்தவர்களும் கணக்கில் வர வேண்டும்: 108 ஊர்திகளும் அவசரப் பிரிவுகளும் ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்ட நிகழ்வுகளை மாவட்டவாரியாக மாதந்தோறும் வெளியிடலாம். அந்தப் பட்டியலில் பெயரும் முகவரியும் இருக்கக் கூடாது, காவல் நிலையத்துக்கும் அது போகக் கூடாது. போனால் அடுத்த முறை யாரும் 108-ஐ அழைக்கமாட்டார்கள்.

– வாசகர், மதுரை